கேள்வி பதில்: நம்ம ஊர் வாழ லாயக்கானதா என்று நாமே அளப்பது எப்படி?

வார்டு அளவில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, நடைபாதைத் தணிக்கை இரண்டும் பல வருடமாகச் செய்து வருகிறேன். கேளுங்கள். மாநகராட்சியில் யாரைப் பிடித்தால் வேலை நடக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வேளச்சேரிவாசி: அக்கா, எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கூகுள் ஃபார்ம் வைத்து சர்வே எடுக்கப் போகிறோம். எத்தனை பேர் நிரப்பினால் போதும்?

யார் நிரப்புகிறார்கள் என்று முதலில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் குழுவில் இருக்கிற சொந்த வீட்டுக்காரர்கள்தான் நிரப்புவார்கள். மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன்கள், முனையில் இட்லிக் கடை போடும் அம்மா யாரும் அதில் வர மாட்டார்கள். தெருவில் இறங்கி, பத்து வீட்டுக்கு ஒரு கதவு என்று தட்டுங்கள். கதவைத் திறந்தவரிடமே கேட்டுவிடாமல், அந்த வீட்டில் 18 வயது தாண்டியவர்களில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் வருகிறதோ அவரிடம் கேளுங்கள். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் போங்கள், பகலில் போனால் வேலைக்குப் போகிறவர்கள் மொத்தமாக விட்டுப்போவார்கள். இப்படிக் குலுக்கல் மாதிரி எடுத்தால் சுமார் 385 பேர் போதும், வருகிற விடை பெரும்பாலும் உண்மையிலிருந்து 5 சதவீதம் முன்பின்னுக்குள் இருக்கும். ஊர் பெரிதானாலும் இதே எண்தான். ஆனால் வார்டுக்கு வார்டு ஒப்பிட வேண்டுமென்றால் ஒவ்வொரு வார்டிலும் அத்தனை பேர் வேண்டும்.

நடைராஜா: நடைபாதைக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

மதிப்பெண் எதற்கு, டேப்பை எடுங்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி, குடியிருப்புப் பகுதியில் தடங்கல் இல்லாமல் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது. டிரான்ஸ்ஃபார்மர், பைக், கடைப் பலகை எல்லாம் போக மிச்சத்தை அளந்து எழுதுங்கள். மூட்டு வலிக்காரப் பாட்டி ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

கோவைக்காரன்: கூகுள் ஃபார்மா, வேறு ஆப்பா, எது நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை: மக்களிடம் கேட்பதே வீண். மத்திய அரசின் வாழ்வதற்கு எளிதான நகரங்கள் பட்டியலில் மக்கள் கருத்துக்கு 30 சதவீதம் கொடுத்தார்கள், டிராஃபிக்கில் சாகிற பெங்களூரு முதலிடம் வந்தது.

மீதி 70 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? அது வாழ்க்கைத் தரம், பொருளாதாரம், நீடித்த தன்மை என்ற மூன்று தூண்களுக்கு. அதில் பெரும்பகுதி அலுவலகப் புள்ளிவிவரம். 2018-ல் மக்கள் கருத்துக்குத் தனி மதிப்பே இல்லாமல் வந்த பட்டியலில் புனே முதலிடம், அப்போதும் இதே சண்டைதான். நீங்கள் சொல்லும் பெங்களூரு பட்டியல் 2021 மார்ச்சில் வந்தது, அதில் சென்னைக்கு நான்காவது இடம், அதற்கு ஏன் நீங்கள் கோபப்படவில்லை? இந்த வரிசை எண்ணை வைத்து ஒரு தெருவிளக்கைக்கூட மாற்ற முடியாது. அதனால்தான் தரவரிசை பின்னால் ஓடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை: சுற்றி வளைக்கிறீர்கள். கருத்து என்பது மனநிலை. சென்சார் வைத்தால் முடிந்தது.

மனநிலை கலக்கும் என்பது சரி. ஆனால் அது கேள்வியின் கோளாறு. தண்ணீர் லாரிக்காக விடியற்காலை எழுந்து பழகிப்போனவரிடம் "குடிநீர் வசதி திருப்தியா?" என்றால் திருப்தி என்பார். இருபத்து நான்கு மணி நேரமும் குழாயில் வருகிற வீட்டுக்காரர் ஒரு நாள் நின்றதற்காக மோசம் என்பார். தெருவாரியாகச் சராசரி போட்டால் லாரித் தெரு முன்னால் நிற்கும்! அதனால் நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாகத் தண்ணீர் எப்போது வந்தது, எத்தனை குடம் பிடித்தீர்கள், யார் போய்ப் பிடித்தது.

சென்சாரும் வையுங்கள், யார் வேண்டாம் என்றது? மலிவான தூசு சென்சார் கடற்கரை ஈரப்பதத்தில் அதிகமாகக் காட்டும், அதைத் தெரிந்துகொண்டு வையுங்கள். ஒரு தெருவில் விளக்கு பிரகாசமாக எரியும், ஆனாலும் எட்டு மணிக்கு மேல் பெண்கள் சுற்றிப் போவார்கள், ஏனென்றால் ஒரு பக்கம் முழுக்க மதில்சுவர், எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் கிடையாது. தெருக்கள் பெண்களுக்குப் பாதுகாப்பா என்று மதிப்பிட டெல்லியில் 2013-ல் தொடங்கிய சேஃப்டிபின் ஆப் வெளிச்சத்தோடு, தெருவில் யார் நடமாடுகிறார்கள், தெருவில் நடப்பது எவ்வளவு பேர் கண்ணில் படும், பெண்கள் இருக்கிறார்களா என்றெல்லாம் பதிய வைப்பது இதனால்தான்.

கணக்குப்பிள்ளை: அதுவும் கருத்துதானே?

மதிலை எண்ணுவது கருத்தா? விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மலைக்கோட்டை: ஒரு வார்டுக்கு 50 ஃபார்ம் வந்தால் போதுமா மேடம்?

ஃபார்ம் என்ற பேச்சு வந்தால் இனி பதில் கிடையாது.

சேலம் சித்தி: எடுத்த கணக்கை எங்கே கொடுப்பது?

தமிழ்நாட்டில் 2022-ல் வந்த விதிகளின்படி வார்டுக் குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபையும் ஏற்படுத்தப்பட்டன. பகுதி சபைக் கூட்டத்தில் ஒரே பக்கமாக, தெருப் பெயர் போட்டுக் கொடுங்கள். "சேலத்தில் 38 சதவீதம் விளக்கு எரியவில்லை" என்று எழுதினால் யாருக்கும் பொறுப்பில்லை. "பிள்ளையார் கோயில் தெருவில் மூன்று கம்பம் எரியவில்லை" என்றால் கவுன்சிலர் ஏதாவது சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால், கதவு திறந்து பதில் சொன்ன வீடுகளுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் கதவு திறக்காது.