அவர் பெயர் பாப் இல்லை

கேள்வி: பன்னிரண்டு வருடமாக பிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். மகனுக்கு பைரட்ஸ் பேஸ்பால் அணி என்றால் உயிர். அந்தக் கால பாப் கிளெமென்ட்டேயும் இந்தக் கால பால் ஸ்கீன்ஸும் ஒன்றாக ஆடியிருந்தால் பைரட்ஸ் கோப்பையை வென்றிருக்குமா? எல்லாக் காலத்துக்குமான உங்கள் பைரட்ஸ் அணியைச் சொல்லுங்களேன். (ஒரு வாசகர், பிட்ஸ்பர்க்)

பதில்: கிளெமென்ட்டே 1960-லும் 1971-லும் ஸ்கீன்ஸ் இல்லாமலே கோப்பையை வென்றவர். ஆக அந்தக் கேள்வி முடிந்தது. நான் நின்றுவிட்டது நீங்கள் எழுதிய ‘பாப்’ என்ற சொல்லில்.

அவர் பெயர் ரொபெர்ட்டோ. 1934-இல் ஸ்பானிஷ் பேசும் தீவான புவேர்ட்டோ ரீக்கோவின் கரோலினாவில் பிறந்தவர். 1955-இல் பைரட்ஸுக்கு ஆட வந்தபோது அங்கிருந்த பத்திரிகைக்காரர்களுக்கும் வர்ணனையாளர்களுக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. பாப் என்றார்கள், பாபி என்றார்கள். பையன்கள் காசு சேர்த்து வாங்கும் டாப்ஸ் பேஸ்பால் அட்டைகளில் 1957-இலிருந்து 1969 வரை ‘பாப் கிளெமென்ட்டே’ என்றே அச்சானது. 1966-இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய பிறகும் அதே பாப்தான். மனுஷர் என் பெயர் ரொபெர்ட்டோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பேட்டிகளில் அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்பு மாறாமல் எழுத்துக்கூட்டி, படிப்பவர்கள் சிரிக்கும்படி போட்டார்கள். ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாத நிருபர்கள் அவர்கள் மொழியைக் கற்றுப் பேசியவரைக் கேலி செய்தார்கள். இத்தனை வருடம் கழித்துப் படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அதோடு விட்டதா? 1973-இல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் வைத்த வெண்கலப் பலகையில் ‘ரொபெர்ட்டோ வாக்கர் கிளெமென்ட்டே’ என்று பொறித்தார்கள். வாக்கர் என்பது அவருடைய அம்மா வீட்டுப் பெயர். அவர்கள் வழக்கத்தில் அப்பாவின் குடும்பப் பெயர் முன்னால், அம்மாவுடையது கடைசியில். அதைச் சரிசெய்து புதுப் பலகை வைத்தது 2000-இல். இரண்டு சொற்களை இடம் மாற்ற 27 வருடம்!

இந்தப் பக்கத்தில் நான் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது புதிதல்ல. பைரட்ஸ் 2008-இல் ஒப்பந்தம் செய்த உத்தரப் பிரதேச ஈட்டி எறியும் பையன் ரிங்கு சிங்கையும் கிரிக்கெட் ரிங்கு சிங்கையும் ஒரே ஆளாக்கி எழுதிய வாசகர் இன்னும் தன் தவற்றை ஒத்துக்கொள்ளவில்லை. ஐயா, அவர்கள் இரண்டு பேர். பேஸ்பால் ரிங்குவோடு கூடப் போனவர் தினேஷ் படேல். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் அந்த இருவர்.

பெயர் மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் இருந்ததால், நர்ஸ் கதவைத் திறந்து என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அப்பா போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் வருகிறாரா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

சரி, பிட்ஸ்பர்க். 2007-இல் வேலை விஷயமாக அங்கே ஐந்து மாதம் இருந்தேன். அந்த சீசனில் பைரட்ஸுக்கு 94 தோல்வி, தொடர்ந்து பதினைந்தாவது வருடமாகத் தோற்கும் அணி. ஆனாலும் ஆட்ட நாளில் கிளெமென்ட்டே பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஜனங்கள் நடுரோட்டில் நடந்து மைதானத்துக்குப் போவார்கள். பாலம் முடியும் இடத்தில் அவருடைய சிலை. அதன் அடியில் புவேர்ட்டோ ரீக்கோ மண், பைரட்ஸின் பழைய மைதானங்களான ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மண், த்ரீ ரிவர்ஸ் மண் மூன்றும் இருக்கின்றன. நான் பைரட்ஸ் ரசிகனானது அந்த நடையில்தான்.

அந்த ஊரில் இன்றைக்கு ‘பாப்’ என்றால் உரிமையாளர் பாப் நட்டிங். அவரைப் பார்த்துத்தான் ‘அணியை விற்றுவிடு’ என்று ரசிகர்கள் கத்துகிறார்கள். 2025-இல் உள்ளூரில் முதல் ஆட்டத்தன்று அதே வாசகத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு விமானமே மேலே சுற்றியது. அந்தச் சமயத்தில்தான் கிளெமென்ட்டேயின் இடமான ரைட் ஃபீல்டின் சுவரில் இருந்த அவருடைய 21-ஆம் ஜெர்சி எண் அடையாளத்தை எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரத்தை ஒட்டினார்கள். ஊரே கொந்தளித்தது, அவருடைய மகனும் பேசினார், எண் திரும்பி வந்தது. தவறு நடந்துவிட்டது என்றது நிர்வாகம். கண் எதிரே இருந்த எண் எப்படித் தெரியாமல் போனது?

பந்து வீசும் ஸ்கீன்ஸைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆறடி ஆறங்குலம். 2025-இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி 1.97. சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதுக்கு ஓட்டுப்போட்ட அத்தனை பேரும் அவரையே முதலிடத்தில் வைத்தார்கள். வெற்றி தோல்விக் கணக்கு மட்டும் 10-10. இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு ரன் எடுக்க ஆள் சேர்க்காமல் இருப்பது பாவம். கோப்பைக்கான இறுதித் தொடரான 1971 உலகத் தொடரில் கிளெமென்ட்டே ஏழு ஆட்டத்திலும் ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸைப் பிடிப்பது) அடித்தார். ஜெயித்ததும் டிவி மைக்கைப் பிடித்தவர் முதலில் ஸ்பானிஷில் பேசினார். ஊரில் இருந்த அப்பா அம்மாவிடம் ஆசீர்வாதம் கேட்டார். பாப் என்று கூப்பிட்ட தேசம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீங்கள் கேட்ட அணி: ஷார்ட் ஸ்டாப் ஹோனஸ் வாக்னர். இரண்டாம் பேஸ் பில் மாஸரோஸ்கி. 1960 உலகத் தொடரில் யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தைக் கடைசி ஹோம் ரன்னால் முடித்தவர். முதல் பேஸ் வில்லி ஸ்டார்ஜெல், மூன்றாம் பேஸ் பை ட்ரெய்னர். லெஃப்டில் பாரி பாண்ட்ஸ், சென்டரில் ஆண்ட்ரூ மெக்கட்சன். பந்து ஸ்கீன்ஸ் கையில். ரைட் ஃபீல்டைச் சொல்லவே வேண்டாம்.

கேட்சர் மேனி சங்கியேன். 1972 டிசம்பரில் நிகராகுவா தலைநகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அனுப்பிய நிவாரணச் சாமான் ஜனங்கள் கைக்குப் போகவில்லை என்று தெரிந்து, கிளெமென்ட்டே தானே கூடப் போக விமானம் ஏறினார். டிசம்பர் 31 ராத்திரி அது கடலில் விழுந்தது. 38 வயது, சரியாக 3,000 ஹிட். அணியின் மற்றவர்கள் இரங்கல் பிரார்த்தனையில் இருந்த நேரம், சங்கியேன் அந்தக் கடலில் மூழ்கி மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார். உடல் கிடைக்கவே இல்லை.

மகனுக்கு டிக்கெட் எடுக்கும்போது ரைட் ஃபீல்டு சுவர் நன்றாகத் தெரிகிற இடமாகப் பாருங்கள். அதன் உயரம் 21 அடி. ஏன் என்று அவன் கேட்டால், ரொபெர்ட்டோ என்று சொல்லுங்கள்.