இரண்டு முறை போன பணம், ஒரே ஒரு பில்: யாரைக் கேட்பது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். ஆன்லைனில் 2,339 ரூபாய் விலை போட்டிருந்த மிக்ஸி ஒன்றை ஆர்டர் செய்தேன். யுபிஐ மூலம் பணம் கட்டும்போது திரை சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் 'தோல்வி' என்று வந்தது. மறுபடி கட்டினேன், ஆர்டர் உறுதியானது. பாஸ்புக்கைப் பார்த்தால் 2,438 ரூபாய் இரண்டு முறை போயிருக்கிறது. 12 நாளாகியும் திரும்பி வரவில்லை. மிக்ஸியோடு வந்த பில்லில் விலை 1,982.20, வரி 356.80 என்று இருக்கிறது. வரியைத் தனியாக வசூலித்துவிட்டார்களா? நிறுவனத்தைக் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள். வங்கியிலோ நிறுவனத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். பேசாமல் மிக்ஸியைத் திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் மூன்று சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு உங்களை அடுத்த வாசலுக்கு அனுப்பிவிடுகிறார். எம்.சி. ரோட்டில் துணி எடுத்து, பில்லில் தவறு இருந்தால் மறுநாள் அதே கல்லாவின் முன் போய் நிற்கலாம். ஆன்லைனில் அப்படி நிற்க இடமில்லை. பொருளை விற்றவர் ஒருவர், தளத்தை நடத்துபவர் ஒருவர், பணத்தை வாங்கிக் கொடுப்பவர் வேறொருவர். எந்தத் தவறு எவரிடம் பிறந்தது என்று முதலில் நாமே பிரித்துவிட வேண்டும். ஆர்டர் விவரம், பில், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரியில் தவறு இல்லை. 1,982.20 ரூபாயோடு 356.80 ரூபாயைக் கூட்டினால் சரியாக 2,339 வருகிறது. மிக்ஸிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அது விலைக்குள்ளேயே அடக்கம். பில்லில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலையும் எல்லா வரிகளும் சேர்ந்ததே. புகாரில் வரியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். எழுதினால் பதில் அதற்கு மட்டுமே வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். மிக்ஸி 2,339 ரூபாய் என்றால், ஒவ்வொரு முறையும் 2,438 ரூபாய் போனது எப்படி? இடையில் 99 ரூபாய் இருக்கிறது. பெட்டிக்குள் வரும் தாள் பெரும்பாலும் பொருளை விற்றவரின் பில் மட்டுமே. தளம் தன் பங்குக்கு வசூலிக்கும் கட்டணத்துக்குத் தனி பில் போடுவதுண்டு. அது ஆர்டர் பக்கத்திலோ மின்னஞ்சலிலோ கிடக்கும். அதைத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். டெலிவரி கட்டணமாக இருந்து, பணம் கட்டும் முன் உங்களுக்குத் தெளிவாகக் காட்டியிருந்தால் வழக்கில்லை. 'பாதுகாப்புத் திட்டம்', 'நன்கொடை', 'உறுப்பினர் சந்தா' என்று ஏதாவது இருந்து, அதன் கட்டத்தில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருந்தால் அது சட்டத்துக்குப் புறம்பானது. வாடிக்கையாளரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் செய்த கட்டத்தின் மூலம் பெறக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. கேட்காத பொருளைக் கூடைக்குள் நுழைப்பதையும், கடைசி நேரத்தில் கட்டணத்தை வெளிக்காட்டுவதையும் 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. 99 ரூபாய்க்கா இத்தனை பாடு என்று விட்டுவிடாதீர்கள். நாம் அப்படி நினைப்போம் என்று தெரிந்துதான் தொகையை அந்த அளவில் வைக்கிறார்கள்.

இனி பெரிய தொகைக்கு வருவோம். 'தோல்வி' என்று உங்களுக்குச் சொன்னது கடையின் செயலி. பணம் உண்மையில் எங்கே நின்றது என்பது அதற்குத் தெரியாமல்கூட இருக்கலாம். உங்கள் யுபிஐ செயலியைத் திறந்து, அந்த முதல் பரிவர்த்தனையைத் தொட்டுப் பாருங்கள். அதில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். பாஸ்புக்கில் அந்த வரியிலும் அதே எண் இருக்கும். உங்கள் வழக்கின் உயிரே அந்த எண்தான். இரண்டு பக்கமும் கைவிரித்ததற்குக் காரணமும் இங்கேதான் இருக்க வேண்டும். வங்கியில் ஆர்டர் எண்ணைக் காட்டினால் அவர்களுக்கு அது புரியாது. நிறுவனத்திடம் ஆர்டர் எண்ணைச் சொன்னால் வெற்றி பெற்ற இரண்டாவது பணம்தான் அவர்கள் திரையில் தெரியும். 'ஒரு முறைதான் வந்திருக்கிறது' என்பார்கள். முதல் பணத்துக்கு ஆர்டரே பதிவாகவில்லை என்பதால், அதைக் கண்டுபிடிக்க அந்த 12 இலக்கம் தவிர வேறு வழியில்லை.

யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனை 'தோல்வி' அல்லது 'நிலுவை' என்று இருந்தால், பணம் வழியில் சிக்கியிருக்கிறது. கேட்க வேண்டிய இடம் உங்கள் வங்கி. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு விதித்திருக்கிறது. கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதிப்படுத்தல் போகாவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகவே பணம் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. புகார் கொடுத்தால்தான் என்றில்லை. வங்கி தானே கொடுக்க வேண்டிய தொகை அது. உங்களுக்கு 12 நாள் ஆகிவிட்டதால் இன்றைய கணக்கில் 700 ரூபாய். கிளையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், எழுதிக் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். வங்கி மறுத்தாலோ 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. வழி தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

செயலியில் 'வெற்றி' என்று இருந்தால் பணம் நிறுவனத்தின் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது வங்கியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. நிறுவனத்துக்கு இப்படி எழுதுங்கள்: "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணில் 2,438 ரூபாய் உங்களுக்கு வந்துள்ளது. இதற்கு எந்த ஆர்டரும் பதிவாகவில்லை. இரண்டாவதாகக் கட்டிய தொகைக்கே மிக்ஸி வந்தது. அதன் ஆர்டர் எண் இது. முதல் தொகையை அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பவும். 99 ரூபாய் எதற்கு என்பதற்குத் தனியாக விளக்கம் தரவும்." அவ்வளவு போதும். கோபத்தையும் மன உளைச்சலையும் இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். பணத்துக்குப் பதிலாக 'வாலட்டில் போட்டுவிடுகிறோம்', 'கூப்பன் தருகிறோம்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கடிதம் அரட்டைப் பெட்டிக்குள் போகக் கூடாது. ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் காட்ட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் இருக்கும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இங்கே உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். பணம் திரும்பாத தவிப்பில் இருப்பவர்களைக் குறிவைத்தே மோசடிக்காரர்கள் போலி வாடிக்கையாளர் சேவை எண்களைப் போட்டு வைக்கிறார்கள். இனிமையாகப் பேசுவார்கள். 'உங்கள் 2,438 ரூபாயை இப்போதே அனுப்புகிறேன், இந்தச் செயலியை இறக்குங்கள், யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடுங்கள்' என்பார்கள். பணம் உங்களுக்கு வருவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதைப் போடச் சொன்னாலே உங்கள் பணத்தை வெளியே எடுக்கப் பார்க்கிறார்கள் என்று பொருள். வீட்டில் பெரியவர்கள் போன் பயன்படுத்தினால் இதை அவர்களிடமும் சொல்லிவையுங்கள். யாராவது ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

நிறுவனம் இழுத்தடித்தால் 1915. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் இந்த எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது. ஆனால் புகாரை நிறுவனத்தின் உரிய மேசைக்கே கொண்டுசேர்ப்பதால் இந்த அளவு தொகைகள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் கருத்து. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. வடசென்னைக்குத் தனியாகவே உண்டு. நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரிலோ டெல்லியிலோ இருந்தாலும் கவலையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்ததிலிருந்து 2 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. மன உளைச்சலுக்கான இழப்பீட்டை அங்கே கேளுங்கள். அதற்கான இடம் அதுதான்.

மிக்ஸியைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருள் நன்றாக ஓடுகிறது என்றால் வேண்டாம். திருப்பினால் பொருளுக்கான இரண்டாவது பணம் உங்களுக்கு வரும். உடனே நிறுவனத்தின் திரையில் 'பணம் திருப்பப்பட்டது' என்று பதிவாகிவிடும். முதல் பணத்தைப் பற்றி நீங்கள் எப்போது கேட்டாலும் அந்தப் பதிவையே காட்டுவார்கள். இரண்டு தொகையும் ஒரே 2,438 ரூபாய் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். முதல் பணம் கணக்கில் ஏறும்வரை மிக்ஸி உங்கள் அடுப்படியிலேயே இருக்கட்டும். பெட்டியையும் அதன் மேல் ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.