2 லட்சத்தைவிட அந்தக் கையெழுத்துதான் பயமாக இருக்கிறது

கேள்வி: தரைப்படையில் லெப்டினன் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். வயது 55, செந்தூலில் வீடு. முகாம்களுக்குப் பொருள் வழங்கும் ஷா ஆலம் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) ஒன்று என்னை இயக்குநராகக் கூப்பிடுகிறது. சம்பளம் 9,000 ரிங்கிட், 10 விழுக்காடு பங்கு. பணிக்கொடையிலிருந்து 2 லட்சம் ரிங்கிட் போட்டு, கம்பெனியின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போட வேண்டுமாம். போகலாமா?

பதில்: வேலைக்குப் போங்கள் ஐயா. இயக்குநர் பதவியும் முதலீடும் இப்போது வேண்டாம்.

உங்களைப் போல ஓய்வு பெற்ற ஒரு மேஜர், ஜாமீன் பத்திரத்தோடு என்னிடம் வந்தார். எல்லாப் பக்கத்திலும் பென்சிலால் டிக் அடித்திருந்தார், அவ்வளவு கவனமானவர். ஆனால் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்ற சொற்களைச் சாதாரணமாகக் கடந்துவிட்டார். பங்கு 10 விழுக்காடுதான் என்றாலும், மொத்தக் கடனையும் வங்கி உங்கள் ஒருவரிடமே கேட்கலாம் என்பதுதான் அதன் பொருள். பதவியை விட்டு விலகினால் மட்டும் ஜாமீன் தீராது, வங்கி எழுத்தில் விடுவிக்க வேண்டும். 1 லட்சம் ரிங்கிட் பாக்கி இருந்தாலே திவால் நடவடிக்கை எடுக்கலாம். பிள்ளையின் படிப்புக் கடனுக்கு ஜாமீன் நின்றவரைத் திவால் சட்டத்தின் 2017 திருத்தம் காப்பாற்றுகிறது. தொழில் கடனுக்கு நின்றவருக்கு அந்தக் காப்பு இல்லை.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். உங்களைக் கூப்பிடுவது உங்கள் திறமைக்காகவா, முகாமில் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்காகவா? எம்ஏசிசி (ஊழல் தடுப்பு ஆணையம்) சட்டத்தின் 17ஏ பிரிவு ஜூன் 2020 முதல் அமலில் உள்ளது. கான்ட்ராக்ட் பிடிக்க கம்பெனி ஆள் யாராவது லஞ்சம் கொடுத்தால் இயக்குநரும் குற்றவாளியாகக் கருதப்படுவார். தன் சம்மதமில்லாமல் நடந்தது, தான் உரிய கவனத்தோடு இருந்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். அபராதம் குறைந்தது 10 லட்சம் ரிங்கிட் அல்லது லஞ்சத்தின் 10 மடங்கு, எது அதிகமோ அது. 20 ஆண்டு வரை சிறையும் உண்டு. முப்பது வருடம் சம்பாதித்த பெயர் ஐயா அது.

லாஜிஸ்டிக்ஸ் மேலாளராக ஒரு வருட ஒப்பந்தம் கேளுங்கள். 9,000 சம்பளத்துக்கு முதலாளி 12 விழுக்காடு, நீங்கள் 11 என மாதம் 2,070 ரிங்கிட் இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் சேரும். 2 லட்சம் வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கட்டும், ஒரு வங்கிக்கு 2.5 லட்சம் வரை பிஐடிஎம் (வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) காப்பு உண்டு.

பங்குப் பேச்சை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் மூன்று வருடத் தணிக்கைக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். காட்டத் தயங்கினால் அந்த வேலையும் வேண்டாம், எனக்கு எழுதுங்கள்.