வாசகர் கேள்வி – பதில்: மூன்றே நாளில் கெக் பியர்

கேள்வி: வீட்டில் 19 லிட்டர் பேல் ஏல் என்ற வகை பியர் காய்ச்சுகிறேன். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை வீட்டில் விருந்து. நொதித்து முடியப் புதன்கிழமை ஆகிவிடும் போலிருக்கிறது. சர்க்கரை போட்டுப் பாட்டிலில் அடைத்தால் இரண்டு வாரம் ஆகுமே என்று கெக் (பியரை அழுத்தத்தோடு அடைத்து வைக்கும் உலோகக் கலன்) வாங்கிவிட்டேன். மூன்று நாளில் கேஸ் ஏறுமா? கெக்கை உருட்டிக் குலுக்கினால் ஒரு மணி நேரம் போதும் என்கிறார் நண்பர்.
– வாசகர், டொரன்டோ

பதில்: தாராளமாக ஏறும். ஆனால் குலுக்குவதை விட்டுவிட்டு முதலில் பியரைக் குளிர வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு குளிர்ந்த பியரில்தான் நன்றாகக் கரையும். பேல் ஏலுக்கு லிட்டருக்குச் சுமார் 5 கிராம் கேஸ் வேண்டும். பியர் 4 டிகிரி செல்சியஸில் இருந்தால் இதற்கு 12 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) போதும். 20 டிகிரியில் இருந்தால் 30 பிஎஸ்ஐ வரை போக வேண்டும்.

புதன்கிழமை, பியரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் அளவு முந்தைய நாள் அளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் கெக்கில் ஊற்றாதீர்கள். குளிரில் ஈஸ்ட் உறங்கிவிடும். அது சரிசெய்திருக்க வேண்டிய வெண்ணெய் வாசனை பியரிலேயே தங்கிவிடும்.

அளவு நின்றுவிட்டதா? கிருமி நீக்கிய கெக்கின் அடி வரை குழாயை விட்டு, சலசலக்காமல் பியரை இறக்குங்கள். காற்று கலந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். மூடியின் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையத்தில்) உணவுத்தர சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி மூடி, 30 பிஎஸ்ஐ கொடுத்தால் மூடி இறுகி உட்காரும். இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். ஒரு சிறு குமிழி ஊதினாலும் அது லீக்தான்; விடிவதற்குள் சிலிண்டரே காலியாகிவிடலாம். பிறகு மூடியின் வால்வை நாலைந்து முறை இழுத்துக் காற்றை வெளியேற்றி, 12 பிஎஸ்ஐயில் கேஸை மாட்டியபடியே ஃபிரிட்ஜில் வையுங்கள். கேஸைக் கழற்றிவிட்டால் பியர் குளிரக் குளிர உள்ளழுத்தம் இறங்கி மூடி தளர்ந்துவிடும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும்.

வியாழன் மாலைக்குள் பியர் 4 டிகிரிக்கு வந்திருக்கும். அப்போது 30 பிஎஸ்ஐக்கு ஏற்றி, சரியாக 24 மணி நேரம் விடுங்கள். வெள்ளி மாலை கேஸை மூடி, வால்வை இழுத்து உள்ளழுத்தத்தை வெளியேற்றிய பிறகுதான் 12-ஐ வைத்து மீண்டும் திறக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் குறைத்தால் மட்டும் கெக்குக்குள் இருக்கும் அழுத்தம் இறங்காது. பலர் சறுக்குவது இங்கேதான். முதல் கிளாஸில் அடியில் படிந்த ஈஸ்ட் வரும், அதைக் கொட்டிவிடுங்கள். ருசி பார்க்க வேண்டியது இரண்டாவது கிளாஸ். சற்றுச் சப்பென்று இருந்தால் கவலை வேண்டாம், மீதி சனி மாலைக்குள் 12-லேயே ஏறிவிடும்.

30 பிஎஸ்ஐயில் குலுக்கினால் எவ்வளவு கரைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மிஞ்சினால் நாக்கைக் கடிக்கும் பியர்தான் கிடைக்கும். படிந்த ஈஸ்டும் கலங்கும். நேரமே இல்லாமல் குலுக்கித்தான் ஆக வேண்டும் என்றால், பியர் நன்கு குளிர்ந்த பிறகு 12-லேயே வைத்துக் குலுக்குங்கள். ரெகுலேட்டரில் வரும் 'உஸ்' சத்தம் மெல்ல மெல்ல அடங்கும். முழுதாக நின்றுவிட்டால் அதற்குமேல் ஏறாது, மிஞ்சவும் மிஞ்சாது.

கேள்வி: கெக்கில் கேஸ் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கிளாஸில் பாதி நுரைதான். ஏன்?
– வாசகி, ஸ்கார்பரோ

பதில்: பெரும்பாலும் கெக்கிலிருந்து டேப்புக்கு வரும் குழாய் குட்டையாக இருக்கும். 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 12 பிஎஸ்ஐக்கு மூன்று மீட்டராவது வேண்டும். அதற்குள்தான் வேகம் தணிந்து பியர் அமைதியாக வரும். அந்தக் குழாய் முழுதும் ஃபிரிட்ஜுக்குள்ளேயே சுருண்டு கிடக்கட்டும். டேப்பைப் பாதி திறந்து பிடிப்பதும் நுரைக்கும். ஒரே இழுப்பில் முழுதாகத் திறங்கள். இத்தனைக்குப் பிறகும் நுரைத்தால் கேஸ் மிஞ்சியிருக்கிறது. கேஸைக் கழற்றிவிட்டு, மணிக்கொரு முறை வால்வை இழுத்துவிடுங்கள்.