பதில்: கம்யூனிட்டி காலேஜில் படித்து உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியராக முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் கம்யூனிட்டி காலேஜ், அதாவது அமெரிக்காவின் இரண்டு வருடக் கல்லூரி, தரும் அசோசியேட் பட்டம் மட்டும் போதாது. அமெரிக்க அரசுப் பள்ளியில் கற்பிக்க இளங்கலைப் பட்டமும் மாநில உரிமமும் வேண்டும். கல்வியியல் பாடங்களையே நிறைய எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கால்குலஸ் வரிசை முழுவதையும் லீனியர் அல்ஜீப்ராவையும் கம்யூனிட்டி காலேஜிலேயே முடித்துவிடுங்கள். கல்வியியலில் அறிமுக வகுப்பு ஒன்று போதும், பள்ளிக்குப் போய்ப் பார்க்கும் மணிநேரம் அதில் இருந்தால் நல்லது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியர் பின்னங்களை மூன்றாவது முறை விளக்குவதைப் பாருங்கள். இந்த வேலை ஒத்துவருமா என்று புரியும்.

அப்புறம், இளங்கலையை முடிக்க அடுத்துச் சேரும் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை எதற்கு ஈடாக ஏற்கும் என்று இப்போதே பாருங்கள். வெறும் எலெக்டிவ் கிரெடிட்டாக, அதாவது கட்டாயப் பாடத்துக்கு ஈடாகாத விருப்பப் பாடமாக, ஏற்றால், அதே பாடத்தை மறுபடி காசு கட்டிப் படிக்க நேரும். கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் என்றால், இந்த ஈடுகளைக் காட்டும் அசிஸ்ட் (assist.org) இணையதளத்திலேயே தெரிந்துவிடும்.