மனசு வந்தபிறகு செய்யலாமா? மனநல ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: மூன்று மாதமாக எதிலும் பிடிப்பில்லை. ஊக்கம் வந்ததும் நடைப்பயிற்சி தொடங்கலாம் என்று காத்திருக்கிறேன். வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: காத்திருப்பதுதான் உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. சோர்ந்த மனசு "அப்புறம் பார்க்கலாம்" என்னும். தள்ளிப்போட்டதும் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அந்த வேலை தந்திருக்கும் சின்னத் திருப்தியும் கூடவே போய்விடும்; நாள் இன்னும் வெறுமையாகும், சோர்வு கூடும். 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் இந்தச் சுழலை விளக்கினார். அதை உடைக்கச் செயலை முன்னால் வைக்கிறோம். விருப்பம் பின்னால் வரட்டும்.

என்னிடம் வந்த ஒருவருக்கு முதல் வாரம் கொடுத்த வேலை, காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பது மட்டும்தான். இரண்டு நாள் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார். ஐந்தாம் நாள், "செருப்பு போட்டாச்சே என்று தெருமுனை வரை போய்வந்தேன்" என்றார். ஒரு நோட்டில், செய்வதற்கு முன் எவ்வளவு பிடிக்கும் என்று நினைத்தார், செய்தபின் எவ்வளவு பிடித்தது என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். முன்னால் 1, பின்னால் 4. அந்த 4-ஐ அவரே தன் கையால் எழுதினார் பாருங்கள், நான் சொல்லும் எந்த ஆறுதலையும்விட அதற்குத்தான் பலம்.

கேள்வி: தன்னம்பிக்கைக் காணொளிகள் பார்க்கலாமா?

பதில்: பார்த்து முடித்ததும் எழுந்து ஏதாவது செய்தால் பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி: எனக்கு இருப்பது சோம்பலா, நோயா?

பதில்: சோம்பலில் பிடித்த விஷயம் பிடித்தமாகவே இருக்கும். மனச்சோர்வு நோயில் அதுவும் சப்பென்று ஆகிவிடும். இரண்டு வாரம், பெரும்பாலான நாட்கள் இப்படியிருந்து, தூக்கம், பசி, கவனம் குறைந்து, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணமும் சேர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதேபோல ஆளைச் சாய்க்கும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மாத்திரையெல்லாம் மனவலிமை இல்லாதவர்களுக்கு. நான் மாத்திரை இல்லாமலே மீண்டேன்.

பதில்: நீங்கள் மீண்டதில் உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் உங்கள் அனுபவத்தை அடுத்தவருக்குத் தீர்ப்பாக்காதீர்கள். மிதமான சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். கடுமையான சோர்வில் செருப்பை மாட்டும் அளவுக்குக்கூட ஆளிடம் தெம்பிருக்காது. அங்கே மாத்திரைதான் முதலில் தூக்கிவிடும். அதற்கும் சில வாரம் பிடிக்கும். நான்காம் நாள் "வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மேலே சொன்னவருக்கு: என் தம்பி இப்படி யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினான். பத்து நாளில் தலைசுற்றல், தூக்கமில்லை, பழைய அழுகை.

பதில்: இதைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நன்றாக இருந்தாலும் நிறுத்தாதீர்கள். மருத்துவரோடு பேசி, படிப்படியாகக் குறைக்க வேண்டும். தம்பியை இந்த வாரமே அழைத்துப் போங்கள், திட்டாமல்.

கேள்வி: ஊக்கம் வர என்ன செய்வது?

பதில்: முதல் பதில்.

கேள்வி: படிக்க மனசே வரவில்லை, எப்படி வரவழைப்பது?

பதில்: வரவழைக்க வேண்டாம். புத்தகத்தைத் திறந்து ஒரு பத்தி படியுங்கள். மீதி முதல் பதிலில் இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: தோழி நேற்று, "தூங்கினால் எழாமலே இருந்தால் நல்லது" என்றாள். சும்மா சொல்கிறாளா? கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவேனோ என்று பயம்.

பதில்: கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். அறிவுரை வேண்டாம், சொல்வதைக் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, கத்தி எதுவும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம். வீட்டில் நம்பகமான ஒருவரிடம் சொல்லி இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ரகசியம் என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். மற்ற பதில்களை அப்புறம் படிக்கலாம். இப்போதே அவளைக் கூப்பிடுங்கள்.