ரைஸ் குக்கரில் சோறு நடுவில் வேகாமல் நிற்கிறது, விறகடுப்புக்கே போகலாமா?

நுவரெலியாவில் வீடு, குக்கர் புதுசு, சுவிட்ச் விழுந்த பிறகும் சோற்றின் நடுவில் அரிசி நிற்கிறது, மாமியார் விறகடுப்புக்கே போகச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

அநேகமாகக் குக்கரில் கோளாறு இருக்காது. கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். சூடு குறைவு என்பதால் அரிசி வேக நேரம் பிடிக்கும். ஆனால் சட்டிக்கு அடியில் இருக்கும் காந்தம், தண்ணீர் வற்றிச் சூடு நூறைத் தாண்டியதும் விடுபட்டு சுவிட்சைத் தட்டிவிடும். அரிசி வெந்ததா என்று அதற்குத் தெரியாது. அதனால் நாட்டரிசியை அரை மணி நேரம் ஊற வையுங்கள். ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர் வைப்பவர் இரண்டரை வையுங்கள். சுவிட்ச் விழுந்ததும் மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் விடுங்கள். சட்டியின் அடியைத் துடைத்து வையுங்கள், ஒரு பருக்கை சிக்கினாலும் குக்கருக்குள் இருக்கும் சூட்டுத் தட்டில் சரியாகப் படியாது.

எங்கள் வீடு நானுஓயா பக்கம். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். விடிய எழும்பி ஈர விறகை ஊதி ஊதிச் சோறாக்கிவிட்டுத்தான் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு ஓடுவார். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்; அந்தக் குசினியில் புகை வெளியே போக வழியே கிடையாது. கண் எப்போதும் சிவந்திருக்கும். நான் வேலைக்குப் போய் முதலில் வாங்கியது ஹட்டனில் ஒரு ரைஸ் குக்கர். முதல் நாள் அம்மா ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வெந்திருக்கு" என்றார். அந்தச் சொல் எனக்குப் பெரிசு.

விறகடுப்புச் சோற்றின் ருசி வராது என்று யாராவது எழுதுவீர்கள். கஞ்சி வடித்த சோறு வேறு பதம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் மழையில் விறகு சுமந்திருக்கிறீர்கள்? அப்படிச் சுமந்து சமைத்துவிட்டு மலையேறி எடுத்த கொழுந்தை நிறுக்கும்போது, சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோ கிலோவாகக் கழிப்பார்கள். அம்மா வாய் திறந்து கேட்டதில்லை. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

சரி, கரண்ட் பில். 700 வாட்ஸ் குக்கர் ஒருதரம் சோறாக்க அரை யூனிட்டுக்குள்தான் எடுக்கும். ஆனால் சோறு ஆனதும் பிளக்கைக் கழற்றுங்கள். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் ஏறும். லயத்து வீடு என்றால் பல்பு ஹோல்டரிலிருந்து இழுத்த வயரில் மட்டும் குத்தாதீர்கள், சூடேறி உருகிவிடும். தனி பிளக் பொயின்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊற வைத்தும் வேகாவிட்டால் எந்த அரிசி, எவ்வளவு தண்ணீர் என்று எழுதுங்கள், பார்க்கலாம்.